அக்காவுக்கு எம்எஸ், என் டிஎன்ஏ டெஸ்டில் 15:01 என்ற மரபணு வகை இருக்கிறது. எனக்கும் வருமா?

நிலவொளி:
அக்காவுக்கு மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் (எம்எஸ், உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய்) என்று தெரிந்து 4 வருஷம் ஆகிறது. ஒரு நாள் காலையில் வலது கண் மங்கி, சிவப்புத் துணி வெளிறிப்போன மாதிரி தெரிகிறது என்றாள், அப்படித்தான் ஆரம்பித்தது. போன மாதம் நானாகவே ஒரு டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தேன். எச்எல்ஏ-டிஆர்பி1*15:01 என்ற மரபணு வகை ஒரு பிரதி இருக்கிறது, எம்எஸ் வரும் வாய்ப்பு அதிகம் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. அன்றிலிருந்து கை கொஞ்சம் மரத்துப்போனாலே தூக்கம் போய்விடுகிறது. அக்காவிடம் சொல்லவும் மனசு வரவில்லை.

கதிர்:
அந்த "அதிகம்" எவ்வளவு என்று பாருங்கள். 15:01 இருந்தால் வாய்ப்பு சுமார் 3 மடங்கு, சரி. ஆனால் எம்எஸ் அதிகம் உள்ள நாடுகளிலேயே 1000 பேரில் 2, 3 பேருக்குத்தான் வருகிறது. வட ஐரோப்பியரில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இந்த வகை உண்டு, மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. உடன்பிறந்தவருக்கு இருந்தால் 100க்கு 3 போல என்பார்கள். இதை அந்த 3 மடங்கோடு பெருக்கிவிடாதீர்கள், ஏனென்றால் குடும்பக் கணக்குக்குள்ளேயே இந்த மரபணுவின் பங்கும் அடங்கியிருக்கிறது.

மருதம்:
எனக்கு எம்எஸ். என் தம்பியும் நானும் ஒரே கருவில் பிறந்த இரட்டையர், மரபணு அப்படியே ஒன்று. நான் ஊன்றுகோல் பிடித்து 6 வருஷமாகிறது, அவன் தினமும் ஓடுகிறான். எங்களைப் போன்ற ஜோடிகளில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருவது நாலில் ஒன்று அளவுதான் என்று என் டாக்டர் சொன்னபோதுதான் அவன் நிம்மதியானான்.

கதிர்:
மருதம் சொன்னதுதான் விஷயமே. 2019இல் 47,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில் மரபணுத் தொகுதியில் 233 இடங்கள் அகப்பட்டன, பெரும்பாலானவை தனித்தனியே மிகச் சிறிய பங்குதான் வகிக்கின்றன, நோய் எதிர்ப்பு அணுக்களோடு தொடர்புள்ளவை. 15:01 மட்டும் பெரியது, ஏனென்றால் டி அணுக்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு எந்தப் புரதத் துண்டை எடுத்துக் காட்டுவது என்பதையே அது மாற்றுகிறது. அப்புறம் எப்ஸ்டீன்-பார் வைரஸ். அது தொற்றிய பிறகு வாய்ப்பு 32 மடங்கு கூடியது என்று 2022இல் வந்த ஆய்வு சொன்னது, ஆனால் அந்த வைரஸ் ஏறக்குறைய எல்லாப் பெரியவர்களிடமும் இருக்கிறது. உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பது புகைபிடிப்பதுதான். 15:01 உள்ளவர்களுக்கு சிகரெட் கூடுதல் கெடுதல், பிடித்தால் இன்றே விடுங்கள். மரத்துப்போவது ஒரு நாள் முழுக்க நீடித்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள், சில நிமிஷத்தில் போய்விட்டால் அது எம்எஸ்ஸாக இருக்க வாய்ப்பு குறைவு.

நிலவொளி:
இருவருக்கும் நன்றி. நேற்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் தன் 9 வயது மகளுக்கும் இந்த டெஸ்ட் எடுக்கலாமா என்று கேட்டாள்.

மருதம்:
வேண்டாம். ரிப்போர்ட் எப்படி வந்தாலும் டாக்டர் அந்தக் குழந்தைக்குச் செய்யப்போவது எதுவும் மாறாது. பெரியவளாகி அவளே கேட்கட்டும்.