லைவ் மேட்ச் அரை நிமிடம் பின்னால் ஓடுகிறது, கேமரா திரும்பினால் படம் வெட்டுகிறது: உதவி தேவை

மிட்விக்கெட்:
வணக்கம். டிவியில் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் செருகி, ஆப் வழியாகத்தான் மேட்ச் பார்க்கிறேன். தொல்லை ஒன்றல்ல, வரிசையாக இருக்கிறது.

ஸ்கோர் ஆப்பில் "அவுட்" என்று போன் கத்தும். டிவியைப் பார்த்தால் பவுலர் அப்போதுதான் பந்தைத் துடைத்துக்கொண்டு நிற்பார். அரை நிமிடம் சுலபமாகப் பின்தங்குகிறது. அடுத்தது, பந்து பவுண்டரிக்கு ஓடும்போது கேமரா கூடவே திரும்புமே, அப்போது படம் வெட்டி வெட்டி நகர்கிறது. பஃபர் வட்டம் எதுவும் சுற்றவில்லை, படமும் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வெட்டுகிறது. சில நேரம் பந்தே காணாமல் போய் மறுபடி முளைக்கிறது. அப்புறம் சத்தம். கூட்டத்தின் இரைச்சல் காதைப் பிளக்கிறது, வர்ணனை மட்டும் கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோல் கேட்கிறது.

நெட் வேகம் 100 எம்பிபிஎஸ் காட்டுகிறது. இணைப்பு கொடுத்தவர்களிடம் சொன்னால் பெரிய பிளானுக்கு மாறச் சொல்கிறார்கள். மாறினால் சரியாகிவிடுமா?

மேட்ச் ஓடும்போதுதான் டிரெட்மில்லில் ஓடுவேன். அதற்குப் புளூடூத் ஹெட்போன். அதில் மட்டையில் பந்து பட்ட பிறகுதான் "டொக்" கேட்கிறது. இதற்கும் வழி இருந்தால் சொல்லுங்கள்.

பஃபர்மன்னன்:
பிளானை மாற்றாதீர்கள். முழு எச்டி படத்துக்கு 10 எம்பிபிஎஸ்கூட வேண்டாம், 4கே என்றாலும் 25 இருந்தால் தாராளம். உங்களிடம் இருப்பதே அதிகம்.

தாமதம் உங்கள் வீட்டில் உருவாவதில்லை. ஸ்ட்ரீமிங்கில் வீடியோ தொடர்ந்து ஒழுகி வருவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அதைத் துண்டு துண்டாக வெட்டித்தான் அனுப்புகிறார்கள். ஆப்பிள் 2009ல் கொண்டுவந்த எச்எல்எஸ் முறை இதுதான். ஆரம்பத்தில் ஒரு துண்டு 10 விநாடி இருக்கட்டும் என்றார்கள், பிறகு 6 விநாடியாகக் குறைத்தார்கள். துண்டு முழுதாக உருவாகாமல் அனுப்ப முடியாது. பிளேயரோ மூன்று துண்டாவது கையில் இருக்கட்டும் என்று காத்திருக்கும். மூவாறு பதினெட்டு. அதற்கு முன்னால் மைதானத்திலிருந்து ஸ்டுடியோ, கிராஃபிக்ஸ், பல தரங்களில் என்கோடிங் (படத்தைச் சுருக்கிக் குறியாக்குவது), அப்புறம் உலகம் முழுக்க இருக்கும் சர்வர்களுக்குப் பங்கீடு. எல்லாம் சேர்ந்தால் உங்கள் அரை நிமிடம் வந்துவிடும்.

ஸ்கோர் ஆப் ஏன் முந்துகிறது? மைதானத்தில் ஒருவர் பந்துக்குப் பந்து தட்டச்சு செய்கிறார். போவது சில எழுத்துகள் மட்டும். அதை யாரும் துண்டு போட வேண்டியதில்லை.

ஆனால் உங்கள் பக்கத்தில் குறைக்கக்கூடிய பகுதியும் ஒன்று உண்டு. நடுவில் நெட் தடுக்கி ஒரு கணம் நின்றாலும் பல பிளேயர்கள் நின்ற இடத்திலிருந்தே தொடரும். நீங்கள் பாஸ் போட்டாலும் அப்படித்தான். இப்படிச் சேர்ந்து சேர்ந்து இன்னும் பின்னால் போய்விடும். "லைவ்" என்ற பொத்தான் இருந்தால் ஒவ்வொரு இன்னிங்ஸ் தொடக்கத்திலும் அழுத்துங்கள். இல்லையென்றால் ஆப்பை முழுக்க மூடித் திறங்கள்.

ஆன்டெனா:
பழைய ஆள் சொல்கிறேன் என்று சிரிக்க வேண்டாம். டிஷ் போடுங்கள். செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது, அவ்வளவு தூரம் ஏறி இறங்கியும் சிக்னலுக்குக் கால் விநாடிதான் ஆகிறது. என்கோடிங் எல்லாம் சேர்த்தாலும் சில விநாடிகள். இங்கே பக்கத்து அறை ரூட்டரிலிருந்து வர அரை நிமிடம். இதற்குப் பெயர் முன்னேற்றமாம்.

இதில் அரசியலும் இருக்கிறது. உரிமையை ஏலத்தில் எடுத்தவர் ஆப்பில் மட்டும்தான் காட்டுவேன் என்றால் டிஷ் இருந்தும் பயனில்லை. பிரிட்டனில் 1996 சட்டப்படி ஒலிம்பிக்ஸ், கால்பந்து உலகக்கோப்பை போன்றவை எல்லோருக்கும் எட்டும் இலவசச் சேனல்களுக்குக் கிடைக்க வழி இருக்கிறது. இந்தியாவில் 2007 சட்டப்படி தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களின் சிக்னலைத் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும். எல்லா நாடும் இப்படிச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

ஃப்ரீஹிட்:
அந்தச் சட்டங்கள் தேசிய அணியின் பெரிய ஆட்டங்களுக்குச் சரி. லீக் ஆட்டங்களுக்கும் நீட்டினால் ஏலத்தொகை விழும், அந்தப் பணத்தில்தான் உள்ளூர்ப் போட்டிகளும் பெண்கள் போட்டிகளும் நடக்கின்றன. அரசு எங்கே கை வைக்கலாம், எங்கே கூடாது என்பதைத் தனி இழையில் பேசுவோம். இவர் பாவம், பந்தைக் காணோம் என்று வந்திருக்கிறார்.

சைட்ஸ்கிரீன்:
பந்து காணாமல் போவதும் படம் வெட்டுவதும் வேறு வேறு நோய். கலந்துவிடாதீர்கள்.

வெட்டுவது முதலில். கிரிக்கெட் ஒளிபரப்பு பெரும்பாலும் விநாடிக்கு 50 படம் என்ற கணக்கில் தயாராகிறது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளின் பழைய டிவி முறையிலிருந்து வந்த வழக்கம் அது. அமெரிக்காவில் 60. உங்கள் ஸ்டிக் வாங்கியபடியே இருந்தால் அநேகமாக 60 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 60 படமாக அனுப்பிக்கொண்டிருக்கும். 50 படத்தை 60 இடத்தில் நிரப்ப வேண்டும் என்றால் என்ன செய்யும்? ஐந்து படத்துக்கு ஒன்றை இருமுறை காட்டும். விநாடிக்குப் பத்து தடவை இந்தத் தடுக்கல் வருகிறது. ஸ்டுடியோவில் நான்கு பேர் உட்கார்ந்து பேசும்போது கண்ணுக்குத் தெரியாது, கேமரா சீராகத் திரும்பும்போது மட்டும் தெரியும். நெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அதனால்தான் வட்டம் சுற்றவில்லை.

ஸ்டிக்கின் டிஸ்பிளே செட்டிங்ஸில் "மேட்ச் ஃப்ரேம் ரேட்" என்பதுபோல் ஏதாவது இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். ஆப் அதற்கு ஒத்துழைக்கவில்லை என்றால் கையாலேயே 50 ஹெர்ட்ஸ் வைத்துவிடுங்கள்.

பந்து மறைவதற்குக் காரணம் டிவியின் மோஷன் ஸ்மூத்திங். இரண்டு படங்களுக்கு நடுவே இல்லாத ஒரு படத்தை டிவியே ஊகித்து வரைகிறது. மைதானம், ஆட்கள் என்றால் ஊகம் சரியாக வரும். சின்ன வெள்ளைப் பந்து வேகமாகப் போனால் எங்கே வைப்பது என்று அதற்குத் தெரியாது, அழித்துவிடும் அல்லது இரண்டாக வரையும். சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன், சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி என்று பெயர் இருக்கும். "ஸ்போர்ட்ஸ் மோட்" போட்டால் இது தானாகவே உச்சத்துக்குப் போவதும் உண்டு. பெயரை நம்பி ஸ்போர்ட்ஸ் மோடில் விளையாட்டுப் பார்க்காதீர்கள் என்பேன். பச்சையையும் கண் கூசும் அளவுக்கு ஏற்றிவிடும்.

பஃபர்மன்னன்:
ஒன்று சேர்க்கிறேன். சில சேவைகள் நெரிசல் நேரத்தில் விநாடிக்கு 25 படம்தான் அனுப்பும். அப்படியானால் ஸ்டிக்கில் எதை மாற்றினாலும் வெட்டு கொஞ்சம் இருக்கும். இறுதிப் போட்டிகளில் அவர்கள் பாடும் லேசானதல்ல. 2023 கிரிக்கெட் உலகக்கோப்பை இறுதியாட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் துண்டு போய்ச் சேர வேண்டும் என்றால் தாமதத்தைக் குறைப்பதைவிட நிற்காமல் ஓடுவதுதான் அவர்களுக்கு முக்கியம். தாமதம் குறைந்த லோ-லேட்டன்சி எச்எல்எஸ் 2019லேயே வந்துவிட்டது, துண்டையும் பொடித்து அனுப்பும் முறை அது. தாமதத்தைச் சில விநாடிகளுக்குள் கொண்டுவரலாம். ஆனால் கையிருப்பு குறைந்தால் நெட் லேசாகத் தும்மினாலும் படம் நின்றுவிடும். எனக்கு அரை நிமிடம் பின்னால் இருந்தாலும் நிற்காத படம் போதும்.

கவர்டிரைவ்:
உங்களுக்குப் போதும். பக்கத்து வீட்டில் டிஷ் வைத்திருப்பவர் "ஓ"ன்னு கத்தும்போது எங்கள் வீட்டில் பேட்ஸ்மேன் மட்டையை ஊன்றி நிலை எடுத்துக்கொண்டிருப்பார். நேரலை என்று பெயர் போட்டால் எத்தனை விநாடி பின்னால் என்பதையும் திரையில் ஓரமாகப் போடட்டும். அதைச் செய்ய எந்தத் தொழில்நுட்பமும் புதிதாக வேண்டாம், மனசுதான் வேண்டும்.

சத்தத்துக்கு வருகிறேன். உங்கள் ஆப் 5.1 ஒலி (பல ஸ்பீக்கர்களுக்குத் தனித்தனியாகப் பிரிந்து வருவது) அனுப்புகிறது என்று நினைக்கிறேன். அதில் வர்ணனை பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குப் போகும், கூட்டம் பக்கவாட்டுக்கும் பின்பக்கத்துக்கும் போகும். உங்களிடம் இருப்பது டிவியின் இரண்டு ஸ்பீக்கர்கள் என்றால் எல்லாவற்றையும் இரண்டுக்குள் அடைக்கும்போது கூட்டம் ஜெயித்துவிடும். ஸ்டிக்கின் ஆடியோ செட்டிங்ஸில் ஸ்டீரியோ அல்லது பிசிஎம் (சுருக்காத சாதா ஒலி) வையுங்கள். டிவியில் "சரவுண்ட்" என்று எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள். "கிளியர் வாய்ஸ்" மாதிரி இருந்தால் போடலாம், ஆனால் வர்ணனையாளர் கத்தும் ஆளாக இருந்தால் அதுவும் தண்டனைதான்.

ஸ்ட்ரைடு:
டிரெட்மில் என்றதும் உள்ளே வந்தேன். புளூடூத்தில் எஸ்பிசி என்ற சாதாரண ஒலிச் சுருக்க முறையில் 150 முதல் 250 மில்லிவிநாடி தாமதம் சகஜம். பேச்சில் அவ்வளவாகத் தெரியாது, மட்டை பந்து சத்தத்தில் நன்றாகத் தெரியும். டிவியில் இருக்கும் ஆடியோ சிங்க் செட்டிங் பெரும்பாலும் ஒலியை இன்னும் தள்ளிப்போடத்தான் உதவும், முன்னால் இழுக்காது. ஹெட்போனை டிவியோடு இணைக்காமல் ஸ்டிக்கோடு நேரடியாக இணைத்துப் பாருங்கள். சில ஸ்டிக்குகள் படத்தையும் அதே அளவு நிறுத்திவைத்து ஈடுகட்டிவிடும்.

கேட்காததையும் சொல்கிறேன். மணிக்கட்டு வாட்சில் இதயத்துடிப்பு பார்த்து ஓடுகிறீர்களா? கடைசி ஓவரில் 170 காட்டினால் ஆட்டத்தின் பதற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். வாட்ச் பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி, ரத்த ஓட்டத்தின் ஏற்றஇறக்கத்தை எண்ணுகிறது. ஓடும்போது நிமிடத்துக்கு 160, 170 காலடி விழும், கையும் அதே தாளத்தில் ஆடும். சில வேளை வாட்ச் துடிப்பை விட்டுவிட்டுக் காலடியை எண்ண ஆரம்பித்துவிடும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, கொஞ்சம் இறுக்கமாகக் கட்டுங்கள். சரியான எண் வேண்டுமென்றால் மார்பில் கட்டும் பட்டைதான், அது இதயத்தின் மின்துடிப்பையே படிக்கிறது.

மிட்விக்கெட்:
எல்லோருக்கும் நன்றி. "மேட்ச் ஃப்ரேம் ரேட்" இந்த ஆப்பில் வேலை செய்யவில்லை. கையால் 50 ஹெர்ட்ஸ் வைத்ததும் கேமரா திரும்புவது எண்ணெய் போட்டது மாதிரி ஆகிவிட்டது. மோஷன் செட்டிங்கை அணைத்ததும் பந்து மறைவதில்லை. இதற்காகவா பிளானை மாற்றச் சொன்னார்கள்! பிசிஎம் வைத்ததில் வர்ணனை முன்னால் வந்துவிட்டது, கூட்டம் பின்னால் போய்விட்டது.

ஹெட்போனை ஸ்டிக்கோடு இணைத்ததில் "டொக்" ஏறக்குறைய சரியான நேரத்தில் விழுகிறது. ஆப்பை மூடித் திறந்தால் தாமதம் கொஞ்சம் குறைகிறது, இருபது விநாடிக்குக் கீழே இறங்கவில்லை. வாட்சைப் பற்றிச் சொன்னது உண்மைதான் போல, ஓட்டத்தை நிறுத்திய உடனே 168லிருந்து 130க்கு ஒரே தாவு.

ஒரு சந்தேகம்: 50 ஹெர்ட்ஸை அப்படியே விட்டுவிடலாமா?

சைட்ஸ்கிரீன்:
வேண்டாம். சினிமா விநாடிக்கு 24 படம், அதை 50ல் ஓட்டினால் அங்கே வெட்டும். மேட்ச் முடிந்ததும் பழையபடி தானியங்கிக்கு மாற்றிவிடுங்கள். அமெரிக்காவில் நடக்கும் ஆட்டம் பார்த்தால் 60 தேவைப்படலாம்.

பஃபர்மன்னன்:
மிச்சமிருக்கும் இருபது விநாடிக்கு உங்கள் பக்கம் மருந்து இல்லை. போனில் ஸ்கோர் ஆப்பின் நோட்டிஃபிகேஷனை ஆட்டம் முடியும்வரை நிறுத்துங்கள். பூட்டுத்திரையில் ஸ்கோர் விட்ஜெட் இருந்தால் அதையும் தனியாக எடுக்க வேண்டும், நோட்டிஃபிகேஷனை நிறுத்தினாலும் அது பாட்டுக்கு ஓடும். வாட்சிலும் அதே ஆப் இருக்கிறதா என்று பாருங்கள்.