ஸ்லீப் மோட் மாடல்: வரத்து கூடினால் தாமதக் கணக்கு சிமுலேஷனோடு ஒத்துப்போகவில்லை

கேட்டவர்: வைமாக்ஸ் 802.16இ என்ற கம்பியில்லா இணையத் தரத்தின் ஸ்லீப் மோடுக்கு (மின்சாரம் மிச்சப்படுத்த சாதனம் தூங்குவதும், பாக்கெட் வந்திருக்கிறதா என்று இடையிடையே பார்ப்பதும்) கணக்கு மாடல் எழுதுகிறேன். முதல் வகை, அதாவது தூக்க நேரம் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாகி உச்ச வரம்பில் நின்றுவிடும். டவுன்லிங்க் (நிலையத்திலிருந்து சாதனத்துக்கு) மட்டும், பாய்சான் வரத்து (பாக்கெட்டுகள் ஒன்றையொன்று சாராமல் தற்செயலாக வருவது), சராசரி வரத்து விகிதம் லாம்ப்டா. எந்தச் சுற்றில் தூக்கம் கலையும் என்ற நிகழ்தகவும் மின்செலவும் சிமுலேஷனோடு பொருந்துகின்றன. தூக்கத்தைக் கலைக்கும் பாக்கெட்டின் சராசரித் தாமதம்தான் இடிக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் கலையும் நிகழ்தகவை அதன் தூக்க நேரத்தில் பாதியால் பெருக்கிக் கூட்டினேன். லாம்ப்டா சிறியதாக இருந்தால் சரியாக வருகிறது. கூட்டக் கூட்ட சிமுலேஷன் மேலே போகிறது.

பதில் 1: அலகைப் பாருங்கள். லாம்ப்டா நொடிக்கா, 5 மில்லிசெகண்ட் ஃபிரேமுக்கா (ஒரு நேரத்துண்டுக்கா)?

பதில் 2: அலகு தப்பென்றால் மின்செலவும் கெட்டிருக்குமே. சிக்கல் அந்தப் ‘பாதி’யில் இருக்கிறது. தூக்கத்தின்போது வந்த பாக்கெட்டுகளில் ஏதோ ஒன்றை எடுத்தால் பாதி சரி. நீங்கள் அளப்பதோ முதலில் வந்ததை. ஒரே தூக்கத்தில் இரண்டு மூன்று வந்தால், முதலாவது ஆரம்பத்திலேயே வந்து கடைசி வரை காத்துக் கிடக்கும். பாதிக்குப் பதில் இதைப் போடுங்கள்:

தூக்க நேரம் ÷ (1 − அந்தத் தூக்கத்தில் ஒன்றுமே வராத நிகழ்தகவு) − (1 ÷ லாம்ப்டா)

லாம்ப்டாவைத் தூக்க நேரத்தால் பெருக்கினால் 0.1 வரும்போது இது தூக்க நேரத்தில் 0.508 பங்கு, கிட்டத்தட்ட பாதிதான். பெருக்கல் 2 ஆனால் 0.657. குறைந்த வரத்தில் வித்தியாசம் தெரியாமல் போனது அதனால்தான்.

கேட்டவர்: இப்போது இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுகின்றன, நன்றி! அப்புறம், தூக்கத்தில் வந்த எல்லாப் பாக்கெட்டுகளுக்கும் சராசரி வேண்டுமென்றால் பழைய சூத்திரமே போதுமா?

பதில் 2: பாதி இருக்கட்டும், எடையை மாற்றுங்கள். நீண்ட தூக்கத்தில் அதிக பாக்கெட்டுகள் சேரும். எனவே கலையும் நிகழ்தகவு உதவாது. அந்தச் சுற்றை எட்டும் நிகழ்தகவைத் தூக்க நேரத்தால் பெருக்கி, அதை எடையாக வையுங்கள். எடைகளின் கூட்டுத்தொகையால் வகுக்கவும் மறக்காதீர்கள். வெக்கேஷன் வரிசைக்கான (சேவை இடையிடையே ஓய்வெடுக்கும் வரிசை) பாடநூல் சூத்திரத்தை அப்படியே போட்டுவிட வேண்டாம். அது ஒன்றையொன்று சாராத, ஒரே பரவல் கொண்ட ஓய்வுகளுக்கானது. இங்கே நேரம் இரட்டிப்பாகிறது.

பதில் 1: இது எழும் வரையிலான தாமதம் மட்டுமே. எழுந்த பிறகு, சேர்ந்து கிடந்தவை ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் காத்திருப்பைத் தனியாகக் கூட்ட வேண்டும்.