கார்ட்டிங் முடித்து அடுத்த சீசன் இந்திய ஃபார்முலா 4: எட்டு மாதத்தில் முதலில் எதைச் செய்வது?

கேள்வி: கோவை_கார்ட்_அப்பா

பையனுக்கு வரும் சீசன் தொடங்குவதற்குள் 15 வயது முடிந்துவிடும். இதுவரை கார்ட் (சின்னப் பந்தய வண்டி) மட்டும்தான். தெளிவுபடுத்த வேண்டியவை மூன்று.

எல்.ஜி.பி. ஃபார்முலா 4-இல் ஒரு வருடம் ஓட்டிவிட்டு வருவதா, நேராக இந்திய எஃப்4-க்கே போவதா? ஃபார்முலா 1 ஓட்டத் தேவையான சூப்பர் லைசன்ஸுக்குப் புள்ளி இரண்டிலும் கிடைக்குமா? கார்ட்டுக்கு வாங்கிய ஹெல்மெட், சூட் எல்லாம் ஓரளவு புதுசு, அதையே வைத்துக்கொள்ளலாமா? டெஸ்டுக்கு நான்கு நாளுக்குத்தான் பணம் இருக்கிறது. அதை எப்படிப் பிரிப்பது?

பதில்: இருங்காட்டுக்கோட்டை_ஸ்டாண்டு

பெயர் ஒன்றாக இருப்பதால் நிறைய பேர் குழம்புகிறார்கள். எல்.ஜி.பி. ஃபார்முலா 4 நம் தேசிய அளவிலான வகுப்பு. காருக்கு இறக்கை கிடையாது, கியர் கையால் போட வேண்டும். சூப்பர் லைசன்ஸ் கணக்கில் அதற்கு இடமில்லை. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் சான்று பெற்ற எஃப்4 வேறு: கார்பன் ஃபைபர் மோனோகாக் (ஓட்டுநர் உட்காரும் ஒரே கூடு), தலைக்கு மேலே ஹாலோ என்கிற பாதுகாப்பு வளையம், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் பேடில் கியர். இந்தியத் தொடரில் ஓடுவது மைகேல் எம்21 சேசிஸ், ஆல்பீன் டர்போ இன்ஜின்.

புள்ளி விவரம்: எஃப்4 சாம்பியனுக்கு 12. அடுத்தடுத்த இடங்களுக்கு 10, 7, 5, 3, 2, 1. ஏழாம் இடத்தோடு சரி. சூப்பர் லைசன்ஸுக்கு மூன்று சீசனில் 40 வேண்டும் என்பதால் எஃப்4-ஐ வைத்து மட்டும் யாரும் அங்கே போய்ச் சேர முடியாது. மேல்படியான எஃப்3-இன் சாம்பியனுக்கே 30தான். ஆகவே புள்ளிக்காக எஃப்4-க்கு வராதீர்கள். பிரேக்கும் டயரும் படிக்க வாருங்கள்.

எல்.ஜி.பி. காரில் ஒரு வருடம் வீண் என்று சொல்ல மாட்டேன். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர்தான். அந்தச் சின்ன டிராக்கில் இறக்கை இல்லாத கார்கள் கூட்டமாக ஓடும்போது முன்னால் போகிறவனின் காற்று நிழலில் ஒட்டிக்கொண்டு போவதும், உள்பக்கம் இடம் விடாமல் அடைப்பதும் தானாக வரும். உங்களுக்கு ஊரும் பக்கம். இரண்டுக்கும் பணம் இல்லையென்றால் என் ஓட்டு எஃப்4 டெஸ்ட் நாட்களுக்கே.

பந்தய லைசன்ஸ் நம் நாட்டு மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. தருவது. எந்த கிரேடு வேண்டும் என்பதை அந்த சீசனின் விதிப்புத்தகத்தில் பாருங்கள், வாய்வழிச் செய்தியை நம்ப வேண்டாம். மருத்துவச் சான்று, பெற்றோர் ஒப்புதல் கடிதம் இரண்டையும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

பதில்: சீட்_ஃபோம்

சார், ஹெல்மெட்டும் சூட்டும் கார்ட்டோடு போயிற்று. கார்ட் சூட் தரையில் தேய்ந்தால் தோலைக் காக்கும், தீயைத் தாங்காது. காருக்கு எஃப்.ஐ.ஏ. 8856-2018 முத்திரை உள்ள ஓவரால், அதே தரத்தில் உள்ளாடை, பாலகிளாவா (ஹெல்மெட்டுக்குள் போடும் தலையுறை), காலுறை, கையுறை, ஷூ வேண்டும். பிள்ளைகளுக்கான கார்ட் ஹெல்மெட்டில் ஹான்ஸ் (கழுத்தைக் காக்கும் தோள்பட்டைக் கருவி) கொக்கி மாட்ட இடமே இருக்காது. இருக்கிற ஹெல்மெட்டில் துளை போட்டுக் கொக்கி வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கம் போகாதீர்கள், ஸ்க்ரூட்டினியில் (காரையும் உடையையும் அதிகாரிகள் பார்க்கும் சோதனை) நிறுத்திவிடுவார்கள். ஹான்ஸுக்கு 8858 முத்திரை.

அடுத்தது சீட். டிராக்கில் இறங்குவதற்கு முந்தின நாளே செய்துவிட வேண்டிய வேலை இது. பையன் முழு ஓவரால், ஷூவோடு உட்காரணும், பெல்ட் இறுக்கணும், கை ஸ்டீயரிங்கில் இருக்கணும். மோனோகாக்கின் உள்பக்கம் முழுக்க டேப் ஒட்டி, தடித்த பிளாஸ்டிக் பையை விரித்து, ஃபோமின் இரண்டு திரவத்தையும் டப்பாவில் போட்டிருக்கிற விகிதப்படி கலந்து ஊற்றணும். சென்னை வெயிலில் சீக்கிரம் பொங்கும், கலக்க அரை நிமிஷம்கூடக் கிடைக்காது. ஒரே தடவையில் மொத்தமும் ஊற்றினால் ஆளை மேலே தூக்கிவிடும், தலை வர வேண்டிய உயரத்தைத் தாண்டிவிடும். முதலில் இடுப்புக்கு, அது இறுகின பிறகு முதுகுக்கும் விலாவுக்கும். ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம் அசையாமல் இருக்கணும். சூடேறும், பயப்பட வேண்டாம்.

இறுகினதும் இரண்டு சோதனை. ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பினால் முழங்கை ஃபோமில் இடிக்கக் கூடாது, முட்டியும் மேலே இடிக்கக் கூடாது. பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தால் இடுப்பு ஒரு விரல்கூடப் பின்னால் நகரக் கூடாது. விலாப் பக்கம் தொளதொளவென்று விட்டால் திருப்பத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு தொங்குவான். அப்புறம் முன் டயர் என்ன சொல்கிறது என்று கைக்குத் தெரியாது.

எட்டு மாதத்தில் இன்றைக்கே தொடங்க வேண்டியது கழுத்து. தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து சுமார் 6 கிலோ, 2 ஜி (புவியீர்ப்பைப் போல் இரு மடங்கு விசை) திருப்பத்தில் அது 12 கிலோ ஆகும். ரப்பர் பட்டையைத் தலையில் மாட்டி முன், பின், இடம், வலம் நான்கு பக்கமும் 20 நொடி, மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். தலை அசையாமல் எதிர்த்து நிற்கிற பயிற்சிதான் வேண்டும், ஆட்டுகிற பயிற்சி வேண்டாம்.

பதில்: டேட்டா_லாகர்

கார்ட்டில் இருந்து வருகிற எல்லாப் பிள்ளைகளும் நேரத்தை விடும் இடம் ஒன்றுதான்: பிரேக். மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் இல்லை, சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் இல்லை. 70, 80 கிலோவைத் தள்ளுகிற பலத்தோடு மிதிக்க வேண்டும், அதுவும் முதல் நொடியிலேயே. வேகம் அதிகமாக இருக்கும்போதுதான் இறக்கை காரைத் தரையில் அழுத்துகிறது, டயர் அப்போதுதான் அவ்வளவு பிரேக்கைத் தாங்கும். வேகம் குறையக் குறையக் காலைத் தளர்த்தணும். தளர்த்தாவிட்டால் கடைசியில் முன் சக்கரம் பூட்டும், டயரில் ஒரு பக்கம் தட்டையாகத் தேயும், மீதிச் சுற்று முழுக்க ஸ்டீயரிங் நடுங்கும்.

கார் பதிவு செய்கிற டேட்டாவில் பிரேக் அழுத்தக் கோட்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். சரியாக மிதித்தால் கோடு செங்குத்தாக ஏறி, திருப்பத்தின் உள்முனை வரை சரிவாக இறங்கும். புதிதாக வருகிறவனுடையது மணல்மேடு மாதிரி மெதுவாக ஏறி, கடைசியில் பட்டென்று விழும்.

இன்னொன்று ஸ்டீயரிங். கார்ட்டில் டிஃபரன்ஷியல் (இரண்டு பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர்) இல்லாததால் வெடுக்கென்று திருப்பி உள்பக்கப் பின்சக்கரத்தைத் தூக்க வேண்டும். அதே பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் முன் டயர் வழுக்கிச் சூடாகி உரியும், கார் நேராகப் போகப் பார்க்கும்.

கோவை_கார்ட்_அப்பா

ரொம்ப நன்றி. டயர் பிரஷர் பற்றியும், அந்த நான்கு நாளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்கள்.

டேட்டா_லாகர்

பிரஷர் அளவை டயர் நிறுவனமும் டீமும் சொல்வார்கள். அதை எந்தச் சூட்டில் வைத்தார்கள் என்று கேளுங்கள். உதாரணத்துக்கு, நிழலில் 30 டிகிரியில் இருக்கிற டயரில் கேஜ் 1.2 பார் வைத்தால், உள்காற்று 80 டிகிரிக்கு ஏறும்போது 1.56 ஆகும். வெயிலில் கிடந்து 45 டிகிரி ஆன டயரில் அதே 1.2 வைத்தால் 1.44-இல் நின்றுவிடும். காரின் ஒரு பக்கம் வெயிலில் நின்றிருந்தால் இடமும் வலமும் வெவ்வேறாக நடந்துகொள்ளும், பையன் செட்டப்பைக் குறை சொல்வான். நான்கு டயரும் ஒரே நிழலில் இருக்கட்டும். காற்று ஈரமாக இருந்தால் இந்தக் கணக்கைவிட இன்னும் ஏறும், அதனால் காய்ந்த நைட்ரஜன் நல்லது.

நான்கு நாளில் முதல் இரண்டும் பழைய டயரில், பிரேக்குக்கு மட்டும். லேப் டைமை அவன் கண்ணில் காட்டாதீர்கள். மூன்றாம் நாள் புது டயர்: சூடேற்ற எத்தனை சுற்று, உச்சம் எந்தச் சுற்றில் என்று குறித்துக்கொள்ளுங்கள், குவாலிஃபையிங் (ஸ்டார்ட் வரிசையை முடிவு செய்யும் சுற்றுகள்) முழுக்க அதுதான். சென்னை டிராக் 3.7 கிலோமீட்டர், ஒரு சுற்றைக் கோட்டைவிட்டால் திரும்பக் கிடைக்க நேரமாகும். கார்ட்டில் உருண்டபடியே ஸ்டார்ட் எடுத்துப் பழகியிருப்பான், இங்கே நின்ற இடத்தில் இருந்து கிளம்பணும். அதை ஒவ்வொரு செஷன் முடிவிலும் ஒன்றிரண்டு தடவை செய்தால் போதும், அடுத்தடுத்துச் செய்தால் கிளட்ச் கருகும்.

நான்காம் நாளைக் கையில் வைத்திருங்கள், மழை வருகிற நாளாகப் பார்த்து எடுங்கள். சீசனின் பின்பாதி அக்டோபர், நவம்பர் என்று போனால் வடகிழக்குப் பருவமழை நிச்சயம் குறுக்கே வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போன சென்னைத் தெருப் பந்தயம் 2024 ஆகஸ்ட் கடைசியில்தான் நடந்தது. ஈரத்தில் ரப்பர் படிந்த வழக்கமான பாதை சோப்பு போட்ட மாதிரி வழுக்கும், ஒரு காரின் அகலம் வெளியே தள்ளி ஓட்ட வேண்டும். கார்ட்டில் மழையில் ஓட்டியிருந்தால் அந்தக் கண் அவனுக்கு ஏற்கெனவே இருக்கும்.

சீட்_ஃபோம்

ஒன்றை விட்டுவிட்டேன். செஷனுக்கு முன்னும் பின்னும் பையனை எடை போடுங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒன்றரை லிட்டர், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர், அடுத்த செஷனுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக.