பறவை பார்க்கும் நேரத்தில் மட்டும் என் தோற்றம் எனக்கு மறந்துபோவது ஏன்?

கேள்வி: தாழைக்கோழி

ஓராண்டாக ஞாயிறுதோறும் விடியற்காலையில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் பறவை பார்க்கச் செல்கிறேன். எனக்குப் பருமனான உடல்வாகு. ‘குண்டு’ என்ற பட்டப்பெயரோடு வளர்ந்தவள். அலுவலக லிஃப்ட் கண்ணாடியில் என் தாடையைப் பார்த்தாலே முகம் சுளிக்கும் நான், நீரில் மூழ்கிய முக்குளிப்பான் அதே இடத்தில் எழுமா, பத்தடி தள்ளி எழுமா என்று பைனாகுலரோடு காத்திருக்கும்போது என் தோற்றத்தை ஒருமுறைகூட நினைப்பதில்லை. இது நடைப்பயிற்சியின் பலனா, இயற்கைக்கே அப்படியொரு தன்மை உண்டா? வீடு திரும்பியதும் அம்மா, “வெயிலில் அலைந்து எப்படிக் கறுத்துவிட்டாய், பார்” என்பார். அந்த நிம்மதி வாசலோடு நின்றுவிடும்.

பதில்: உளவியல் மாணவி

நடை மட்டுமே காரணமாக இருக்க முடியாது, சகோதரி. இங்கிலாந்தின் ஆங்கிலியா ரஸ்கின் பல்கலைக்கழகப் பேராசிரியர் விரேன் ஸ்வாமி இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். அவரும் உடனாய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வுகளில், இயற்கைக் காட்சிகளின் ஒளிப்படங்களை வெறுமனே பார்த்தவர்களுக்கே தங்கள் உடலை மதித்து ஏற்கும் மனநிலை அந்த வேளையில் உயர்ந்தது. கட்டடக் காட்சிகளைப் பார்த்தவர்களிடம் அந்த உயர்வு இல்லை. இதை அளக்கும் வினாநிரல், உங்கள் உடலை மதிக்கிறீர்களா, அதன் தேவைகளைக் கவனிக்கிறீர்களா என்பது போன்ற கேள்விகளைக் கேட்கிறது.

காரணத்தைத் தேடினால் அமெரிக்க உளவியலாளர்கள் ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் இருவரும் 1989-இல் விரிவாக எழுதிய கருத்து உதவும். கண்ணாடியும் கைப்பேசியும் நம் கவனத்தை இழுத்துப் பிடிக்கின்றன. நீர்ப்பரப்போ கவனத்தை வற்புறுத்தாமல் ஈர்ப்பதால், களைத்த மனம் ஓய்வெடுக்கிறது, தன்னைத்தானே கடிந்துகொள்ளும் பழக்கமும் சற்றுத் தளர்கிறது. ஆனால் ஒளிப்பட ஆய்வுகள் காட்டுவது அந்த வேளையின் மாற்றத்தை மட்டுமே. உடல்வெறுப்பு உணவைத் தவிர்க்கும் அளவுக்குப் போய்விட்டால் சதுப்புநிலம் போதாது, மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

பதில்: மாடித்தோட்டக்காரன்

மேலே சொன்னதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. என் இரு கைகளிலும் வெண்புள்ளிகள் உண்டு. கடும் கோடையிலும் முழுக்கைச் சட்டைதான் அணிவேன். காலை ஆறு மணிக்கு மொட்டைமாடியில் தக்காளிச் செடிக்குப் பக்கக்கிளை கிள்ளும்போது மட்டும் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிடுவேன். செம்மண் அப்பிய விரலில் எது புள்ளி, எது தோல் என்று எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ளத் தோன்றுவதும் இல்லை. ஆனால் துணி உலர்த்தப் பக்கத்து வீட்டுக்காரர் படியேறி வரும் ஓசை கேட்டதுமே, நான் நினைக்கும் முன்பே கை சட்டையை இறக்கிவிடுகிறது. செடி அங்கேயேதான் இருக்கிறது, நிம்மதிதான் போய்விடுகிறது. ஆகவே பசுமையைவிட, பார்க்கும் கண்கள் இல்லாததுதான் பெரிய காரணம் என்பேன்.

பதில்: உளவியல் மாணவி

ஐயா சொல்வதை மறுக்கவில்லை. தோற்றத்தை மதிப்பிடும் மனிதர்கள் அங்கே குறைவு என்பதையும் ஆய்வாளர்கள் ஒரு காரணமாகக் குறிப்பிடுகிறார்கள். ஆனால் ஒளிப்பட ஆய்வில் கட்டடங்களைப் பார்த்தவர்களையும் இயற்கையைப் பார்த்தவர்களையும் பிரித்தது எதிரே இருந்த காட்சிதான் என்பதால், கண்கள் இல்லாமை மட்டுமே முழு விளக்கம் ஆகாது. நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு: வெளியே போவதற்கே ‘கறுத்துவிடுவாய்’ என்ற அபராதம் விதிக்கிறோம். தொப்பியை வெயிலுக்காக அணியுங்கள், நிறத்துக்காக அல்ல. அம்மா கேட்டாலும் அதையே சொல்லுங்கள்.

பதில்: தாழைக்கோழி

இருவருக்கும் நன்றி. ஐயாவின் பக்கத்து வீட்டுக்காரரைப் படித்ததும்தான் ஒன்று உறைத்தது: கிளம்பும்போது எங்கள் குழு எடுக்கும் ஒளிப்படம் வாட்ஸ்அப்பில் வந்ததும், நான் முதலில் பெரிதாக்கிப் பார்ப்பது என் தாடையைத்தான். அம்மா பேசுவதற்கு முன்பே பாதி நிம்மதி அங்கே போயிருக்கிறது. அடுத்த ஞாயிறு அந்தப் படத்தை நானே எடுக்கிறேன் என்று கைப்பேசியை வாங்கிக்கொள்ளப் போகிறேன்.