தாது வருடப் பஞ்சத்தில் கப்பலேறியவரைப் பிரிட்டிஷ் நாடாளுமன்ற அறிக்கைகளில் தேட முடியுமா?

குடியாத்தம்வாசி எழுதியது:
எங்கள் குடும்பம் பல தலைமுறைகளாகக் குடியாத்தத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் வாழ்ந்து வருகிறது. என் பாட்டனாரின் பெரிய பாட்டனார் தாது வருடப் பஞ்சத்தில் பிஜித் தீவுக்குக் கப்பலேறிச் சென்றார் என்றும், அதன் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை என்றும் வீட்டில் சொல்லி வருகிறார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட பழைய அறிக்கைகளில் இப்படிச் சென்றவர்களைப் பற்றி நிறைய இருப்பதாக நண்பர் ஒருவர் கூறினார். அவற்றில் அவர் பெயர் கிடைக்க வாய்ப்புண்டா? எங்கிருந்து தொடங்குவது என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழையஏடு எழுதியது:
ஐயா, பெயர் கிடைப்பது அரிது. ஆனால் அவர் ஏன் போனார், எந்த வழியாகப் போனார் என்பது ஓரளவு நன்றாகவே தெரியவரும். நீலப் புத்தகங்கள் எனப்படும் இவை, நாடாளுமன்ற உறுப்பினர்கள் படிப்பதற்காக அச்சிடப்பட்ட விசாரணை அறிக்கைகளும் கடிதப் போக்குவரத்தும்தான். ஆள்வாரியான பதிவேடுகள் அல்ல.

உங்கள் வீட்டுச் செய்தியில் ஒரு முரண் இருக்கிறது. தாது வருடம் என்பது 1876-77. பிஜிக்கு மதராஸ் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளை அனுப்பத் தொடங்கியதோ 1903இல்தான். ஆகவே பஞ்சத்தில் போனது உண்மையானால், அவர் போன இடம் பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலாகவோ மொரீஷியஸாகவோ இருக்க வேண்டும். இடையில் நின்றிருந்த நேட்டால் போக்குவரத்து 1874இல்தான் மறுபடி தொடங்கியிருந்தது. பிஜிதான் உறுதி என்றால், போனவர் அவருக்கு அடுத்த தலைமுறையைச் சேர்ந்தவராக இருக்கலாம். பிஜிக்குப் போன தென்னிந்தியர்களில் வட ஆற்காட்டார் கணிசமானவர்கள் என்பதால் இதையும் ஒதுக்கிவிட முடியாது. தூரதேசம் போனவர்களை எல்லாம் ஊருக்குத் தெரிந்த ஏதோ ஒரு தீவின் பெயரில் சேர்த்துவிடுவது நம் வீடுகளில் வழக்கம்தானே.

முதலில் பஞ்சம் பற்றிய தாள்களைப் படியுங்கள். 1877இல் இந்திய அரசு பஞ்சத்தை மேற்பார்க்க அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணக் கூலியைக் குறைத்து, அதில் தானியத்தின் அளவை நாளொன்றுக்கு ஒரு ராத்தலாக்கியதும் (சுமார் 450 கிராம்), மதராஸின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்து வாதாடியதும் அவற்றில் விரிவாக உள்ளன. 1880இல் வெளிவந்த பஞ்சக் கமிஷன் அறிக்கையையும் விடாதீர்கள். குடியேற்றத்துக்கென்றே 1910இன் சாண்டர்சன் குழு அறிக்கை இருக்கிறது. அதன் சாட்சியங்கள், முடிவுரையைவிடச் சுவையானவை. கட்டணத் தரவுத்தளத்தில் எல்லாம் கிடைக்கும் என்றாலும், கூகுள் புக்ஸிலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் பலவற்றை இலவசமாகவே காணலாம்.

ஆற்காட்டுக்கோட்டை எழுதியது:
நண்பர் சொன்னதில் ஒரு சிறு திருத்தம்: பெயர்கள் நிறைந்த நாடாளுமன்றத் தாள்களும் உண்டு. ஆற்காட்டு நவாபின் கடன்களை விசாரிக்க 1805 ஒப்பந்தத்தின்படி அமைந்த கர்நாடகக் கமிஷனர்கள், யார் யார் எவ்வளவு பாக்கி கேட்டார்கள் என்பதை நாடாளுமன்றத்துக்கு அறிக்கைகளாக அனுப்பினார்கள். வாலாஜாப்பேட்டை, ஆற்காடு வட்டாரத்தில் நவாபுக்குக் கடன் கொடுத்த குடும்பம் என்று பெருமை பேசுகிறவர்கள் அங்கே போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம். கேட்ட தொகையில் பெரும்பகுதி தள்ளுபடியானதால் அந்தப் பெருமை சற்றே குறையவும் கூடும். அதேபோல் 1855இன் சித்திரவதை விசாரணைக் கமிஷன் அறிக்கையில், கிஸ்தி (நிலவரி) வசூலுக்காகக் கை கால்களை நெரிக்கும் கிட்டி போட்டதையும், அண்ணாந்தாள் என்று உடலை வளைத்துக் கட்டிக் குனிய வைத்ததையும் குடியானவர்கள் தாங்களே முறையிட்டிருக்கிறார்கள்.

தேடும்போது மாவட்ட எல்லையை மறக்கக் கூடாது. 1911க்கு முன் வட ஆற்காட்டின் தலைநகரம் சித்தூர்; திருப்பத்தூர் அன்று சேலத்திலும் திருவண்ணாமலை தென்னாற்காட்டிலும் இருந்தன. இன்றைய வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களை மனத்தில் வைத்து அன்றைய அட்டவணையைப் பார்த்தால் குழப்பமே மிஞ்சும். ஊர்ப் பெயர்களும் வாண்டிவாஷ் (வந்தவாசி), டிரினோமலி (திருவண்ணாமலை) என்று வெள்ளைக்காரர் காதில் விழுந்தபடி இருக்கும். ஸ்கேன் செய்த பிரதியில் எழுத்துகள் வேறு சிதைந்திருக்கும். ஆதலால் தேடற்பெட்டியை மட்டும் நம்பாமல், மாவட்டவாரியான பின்னிணைப்பைப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிடுவதே மேல்.

குடியாத்தம்வாசி எழுதியது:
இருவருக்கும் நன்றி. அத்தையிடம் மறுபடி விசாரித்தேன். 'டர்பன்' என்ற பெயரைத் தன் சிறுவயதில் கேட்டதாகவும், பிஜி என்பது பின்னால் யாரோ சேர்த்ததாக இருக்கலாம் என்றும் சொல்கிறார்.

பழையஏடு எழுதியது:
அப்படியானால் நேட்டால் கப்பல் பட்டியலுக்கே நேராகச் செல்லுங்கள். 1860 முதல் 1911 வரை டர்பன் துறைமுகத்தில் இறங்கியவர்களின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் ஆகியவை அதில் பதிவாகியுள்ளன. பெயர்த்தெழுதிய பட்டியல் இணையத்திலும் கிடைக்கிறது. ஆளின் பெயரை விட்டுவிட்டு, 1876 முதல் 1879 வரை மதராஸிலிருந்து வந்த கப்பல்களில் வட ஆற்காட்டு ஜில்லா, குடியாத்தம் தாலுகா என்றிருப்பவற்றைப் பிரித்தெடுங்கள். பிறகு தந்தை பெயரை ஒப்பிடுங்கள். அவருடைய தந்தையின் பெயர் உங்கள் குடும்பத்தின் பழைய நிலப் பத்திரங்களில் இருக்க வாய்ப்புண்டு. மொரீஷியஸ் என்று திரும்பினால், அங்கே மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்கலாம். சிலருடைய புகைப்படங்கள்கூட அங்கே இருக்கின்றன.