10×42 பைனாகுலருக்கு எந்த மார்பு ஹார்னஸ்? கொலராடோ ரைஃபிள் சீசன்

டென்வர்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். நவம்பர்ல கொலராடோ மூணாவது ரைஃபிள் வேட்டை சீசனுக்கு மியூல் மான் டேக் (வேட்டை அனுமதிச் சீட்டு) இருக்கு. பைனாகுலர் 10×42, எடை 700 கிராமை ஒட்டி. கூட வந்த கழுத்துப் பட்டையில தொங்கவிட்டா ஏறும்போது ஆடுது, குனிஞ்சா ரைஃபிள்ல இடிக்குது, பிடரியும் வலிக்குது. மாத்தணும்.

கடையில ரெண்டு வகை பார்த்தேன். ஒண்ணு முதுகுல குறுக்கே போற எலாஸ்டிக் எக்ஸ் பட்டை, விலை கம்மி. இன்னொண்ணு மூடி வச்ச மார்புப் பை, அதோட மூணு நாலு மடங்கு விலை. மேல முதுகுப்பையும் மாட்டணும், ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் அளக்கிற கருவி) தனியா இருக்கு, சில சமயம் பைனாகுலரை ட்ரைபாட்லயும் வைப்பேன். பை வாங்கினா காந்த மூடியா, ஜிப்பா, ரப்பர் கயிறா? ஆரஞ்சு வெஸ்ட் மேல போட்டுக்கலாமா? பிராண்ட் பேரைவிட எதைப் பார்த்து வாங்கணும்னு சொன்னா நல்லது.

பைன்மரம்:
முதலில் பைனாகுலரை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பெரும்பாலான மார்புப் பைகள் இரண்டு மூன்று அளவுகளில் வருகின்றன. "42க்குப் பொருந்தும்" என்று அட்டையில் போட்டிருப்பதை மட்டும் நம்பக் கூடாது. 42 என்பது முன் லென்ஸின் விட்டம். உடலின் நீளத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஒரு 10×42 பதினான்கரை சென்டிமீட்டர் இருக்கும், இன்னொன்று 16 இருக்கும். தூரம் அளக்கும் லேசர் உள்ளே வைத்த மாடல்கள் அடிப்பக்கம் புடைத்திருக்கும்.

அளக்கும் விதம்: கண் வைக்கும் ரப்பர் வளையத்தை நீங்கள் எப்படி வைத்துப் பார்ப்பீர்களோ அப்படியே வைத்து நீளத்தை எடுங்கள். வளையத்தை வெளியே திருகி வைப்பவருக்கு ஒரு சென்டிமீட்டர் வரை கூடும். அகலத்தை உங்கள் கண்ணிடைவெளிக்கு விரித்த நிலையில் எடுங்கள், மடக்கி வைத்து அல்ல. மான் தெரிகிற நேரத்தில் மடக்கியதை விரித்துக்கொண்டிருக்க முடியாது. பையின் உள்ளளவு இதைவிட எல்லாப் பக்கமும் ஒரு சென்டிமீட்டருக்குள் கூடுதலாக இருந்தால் சரி. அதற்கு மேல் போனால் உள்ளே குலுங்கிச் சத்தம் போடும். இறுக்கமாக இருந்தால் எடுக்க இரண்டு கை வேண்டும், ஒரு கையில் ரைஃபிள் இருக்கும்போது அது ஆகாது.

ட்ரைபாட் என்றீர்களே, அதையும் இப்போதே கணக்கில் சேருங்கள். பைனாகுலரின் நடுக்கீலின் முன்முனையில் உள்ள மூடியைத் திருகி எடுத்தால் பெரும்பாலான மாடல்களில் கால் அங்குல மரை இருக்கும். அதில் திருகும் ஸ்டட் (ட்ரைபாடில் மாட்டும் சிறு தண்டு) முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். பையில் வைக்கும்போது அந்த முனைதான் கீழே போகும். அடியில் இடமில்லை என்றால் ஸ்டட் பையின் அடியில் முட்டி, பைனாகுலர் மேலே தூக்கி, மூடி மூடாது. ஸ்டட்டைப் பொருத்திவிட்டே கடைக்கு எடுத்துப் போங்கள்.

மூடி எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் பாருங்கள். நெஞ்சுப் பக்கம் கீல் இருந்தால் திறந்த மூடி தாடைக்கும் பைனாகுலருக்கும் நடுவே வந்து நிற்கும். வெளிப்பக்கம் விழுகிற மூடிதான் என் தேர்வு.

ஒத்தையடிப்பாதை:
மேல சொன்னது எல்லாம் சரி, ஆனா எக்ஸ் பட்டையை அவ்வளவு சீக்கிரம் ஒதுக்க வேணாம். அதோட எடை 100 கிராம் சொச்சம்தான். மார்புப் பை வெறுமனேயே அரை கிலோ பக்கம் வரும், அதுல ரேஞ்ச்ஃபைண்டர், போன், கத்தின்னு அடைச்சா நெஞ்சுல ஒரு மூட்டை. வண்டியை நிறுத்திட்டு ஒரு மேட்டுல உட்கார்ந்து மணிக்கணக்கா பார்க்கிறவருக்கு எக்ஸ் பட்டை தாராளம்.

அது சரிப்படாத இடமும் இருக்கு. லென்ஸ் திறந்தே கிடக்கும், ஸ்க்ரப் ஓக் புதருக்குள்ள நுழைஞ்சா சுள்ளியும் தூசியும் நேரா அதுலதான். 700 கிராமுக்கு எலாஸ்டிக் தாங்கும். ஒரு கிலோவைத் தாண்டின பைனாகுலர்னா ஒவ்வொரு எட்டுக்கும் எகிறும், நாளடைவுல எலாஸ்டிக் தளர்ந்து தொப்பைக்கு இறங்கிடும். உங்க 10×42க்கு ரெண்டுமே வேலை செய்யும். புதர்ல நடக்கப் போறீங்களா, உட்காரப் போறீங்களா, அதுதான் கேள்வி.

டென்வர்வாசி:
நடக்கத்தான் போறேன், புதரும் நிறைய. அப்போ பைதான். மாட்டுற விதம், ஆரஞ்சு விஷயம் யாராவது சொல்லுங்க. இன்னொண்ணு: கூட வர்ற பெரியவருக்கு நெஞ்சுல பேஸ்மேக்கர் வச்சிருக்கு. அவரும் இதே மாதிரி ஒண்ணு கேட்கிறார்.

பனிக்கரடு:
பெரியவர் விஷயம் முதலில். காந்த மூடி உள்ள எதையும் அவருக்கு வாங்காதீர்கள். பேஸ்மேக்கர், ஐசிடி (அதிர்ச்சி கொடுத்து இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) வைத்தவர்கள் வலுவான காந்தத்தைக் கருவியிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்பது பொதுவான எச்சரிக்கை. மார்புப் பையின் மூடி அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நாள் முழுக்க இருக்கும். ரப்பர் கயிற்றுக் கொக்கி அல்லது ஜிப் வைத்ததை எடுங்கள். சில பைகளில் காந்தம் துணிக்குள் தைத்திருக்கும், வெளியே தெரியாது. ஒரு ஊசியைக் கிட்டே கொண்டுபோனால் காட்டிக்கொடுத்துவிடும். தோள்பட்டை கருவியின் மேல் அழுந்துகிறதா என்றும் பாருங்கள், அவருடைய இதய மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

உங்களுக்குக் காந்த மூடியில் ஒரே தொல்லை திசைகாட்டி. போனை அந்தப் பையிலேயே வைத்தால் மேப்பில் திசை அம்பு தப்பாகத் திரும்பும். கைத் திசைகாட்டி பார்க்கும்போதும் நெஞ்சிலிருந்து தள்ளிப் பிடியுங்கள். மற்றபடி காந்தம் வேகமானது, கையுறையோடு ஒரு கையில் திறக்கும். ஜிப் பனிக்கட்டி பிடித்தால் மாட்டும். வெல்க்ரோ வேண்டவே வேண்டாம், அமைதியான காலையில் பிரிக்கிற சத்தம் எதிர்மேடு வரை கேட்கும்.

ஆரஞ்சு: கொலராடோ ரைஃபிள் சீசனில் இடுப்புக்கு மேலே 500 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சோ பிங்க்கோ வெளியாடையாக இருக்க வேண்டும், தொப்பியும் அதே நிறத்தில், எல்லாத் திசையிலிருந்தும் தெரிய வேண்டும். கேமோ (உருமறைப்பு) வடிவம் போட்ட ஆரஞ்சு கணக்கில் சேராது. 20க்கு 18 சென்டிமீட்டர் பை மறைப்பது சுமார் 56 சதுர அங்குலம், அது பெரிய விஷயமில்லை. வெஸ்டின் முதுகுப் பகுதி முழுவதையும் விழுங்குவது உங்கள் முதுகுப்பைதான். ஆகவே வெஸ்ட் உள்ளே, ஹார்னஸ் அதன் மேலே, முதுகுப்பைக்குத் தனியாக ஒரு ஆரஞ்சு உறை.

பைன்மரம்:
மாட்டும் விதம். குளிர்ச்சட்டை எல்லாம் போட்டுக்கொண்டு செய்யுங்கள், டி-ஷர்ட்டோடு சரிசெய்தால் மலையில் மூச்சை நெரிக்கும். நான்கு பட்டைகளையும் முழுக்கத் தளர்த்துங்கள். பையின் மேல்விளிம்பு காறையெலும்புக்கு நாலு விரல் கீழே வரட்டும். முதலில் விலாப்பக்கப் பட்டைகளை இழுங்கள், பை அசையாமல் நின்றதும் தோள்பட்டைகள். முதுகில் பட்டைகள் கூடும் இடம் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே இருக்க வேண்டும். கழுத்தடிக்கு ஏறியிருந்தால் விலாப்பட்டை தளர்வு என்று அர்த்தம். பை தொப்பைக்கு இறங்கினால் கால் வைக்கிற இடம் தெரியாது, செங்குத்தில் முழங்கால் இடிக்கும்.

மிஞ்சிய வாரை வெட்டாதீர்கள், சுருட்டி ரப்பரில் மாட்டுங்கள். காலையில் போடும் தடித்த உடைக்கும் மதிய வெயிலுக்கும் அந்த நீளம் வேண்டும்.

முதுகுப்பை எப்போதும் ஹார்னஸுக்கு மேலே. ஹார்னஸின் முதுகுப்பகுதி தட்டையாக, பிளாஸ்டிக் பக்கிள் இல்லாமல் இருந்தால் நல்லது. இருபது கிலோ இறைச்சி ஏறும்போது அந்தப் பக்கிள் எலும்பில் குத்தும். முதுகுப்பையின் மார்புப் பட்டையைப் பைனாகுலர் மூடிக்கு மேலே கொண்டுபோங்கள், குறுக்கே வந்தால் மூடி திறக்காது.

பிறகு குண்டில்லாத ரைஃபிளோடு வீட்டில் பாருங்கள். வலக்கைக்காரர் என்றால் வலத்தோளில் ரைஃபிளின் கட்டை பதியும் இடத்தில் பட்டை சரிசெய்யும் கொக்கி இருக்கக் கூடாது, அதை மேலேயோ முதுகுப்பக்கமோ நகர்த்துங்கள். படுத்துச் சுடும்போது பை நெஞ்சைத் தூக்கிக் கழுத்தை வளைக்கும். ஒரு பக்கக் கொக்கியைக் கழற்றிப் பையை இடது விலாவுக்குத் தள்ளிவிட்டுப் படுப்பதைப் பழகிக்கொள்ளுங்கள்.

கண்ணாடிப்பித்தன்:
லென்ஸ் பத்தி யாரும் சொல்லல. ஏத்தத்துல உடம்பு வேர்த்து ஆவி கிளம்பும், மூடியைத் திறந்ததும் அது குளிர்ந்த கண் லென்ஸ்ல படியும். உள்ள நைட்ரஜன் நிரப்பியிருக்குன்னு போட்டிருப்பாங்க, அது உள்பக்கத்துக்குத்தான், வெளிப்பக்கத்துக்கு உதவாது. மேடு ஏறி முடிச்சதும் உடனே கண்ணுல வைக்காம ஒரு நிமிஷம் வெளியே நீட்டிப் பிடிங்க. வாயால ஊதாதீங்க, அதுவும் ஆவிதான். சட்டைக்குள்ள சூடா வைக்கவும் வேணாம், வெளியே இருக்கிற குளிர்லயே இருக்கட்டும். ராத்திரி சூடான அறைக்குள்ள கொண்டுபோனா பைக்குள்ள மூடியபடியே ஒரு மணி நேரம் விட்டுட்டு அப்புறம் திறங்க. உள்பக்கமே பனி மூடினா சீல் போச்சு, ரிப்பேருக்கு அனுப்பணும்.

அடியில மண்ணும் பைன் ஊசியும் சேரும், முன் லென்ஸ் அது மேலதான் உட்காரும். தினமும் பைனாகுலரை எடுத்துட்டு பையைக் கவிழ்த்துத் தட்டுங்க. துடைக்கிற துணியைப் பைக்குள்ள போடாதீங்க, மண் ஒட்டின துணி உப்புத்தாள்தான். சின்ன ஜிப் கவர்ல தனியா. முதல்ல காத்தடிப்பான், பிறகு தூரிகை, கடைசியாத்தான் துணி.

பைனாகுலரைப் பையோட இணைக்கிற ரெண்டு வாரும் கையுறையோட ஒரே அமுக்குல கழற்ற வரணும், இல்லேன்னா ட்ரைபாட்ல ஏத்துறதுக்குள்ள மான் போயிடும். கண்ணுக்குத் தூக்கும்போது வார் இழுக்காத நீளம் போதும், அதிகமா விட்டா ரைஃபிள் போல்ட்ல சிக்கும். ரேஞ்ச்ஃபைண்டர் பை சுடும் தோளுக்கு எதிர்ப்பக்கம், அதுக்கும் ஒரு கயிறு.

பனிக்கரடு:
ஒரு துணுக்கு: மார்புப் பையின் பின்பக்கத் தட்டைப் பை லைசென்சுக்கும் டேகுக்கும் சரியான இடம், ஆனால் வேர்வை இறங்கும், பிளாஸ்டிக் கவரில் போடுங்கள். பக்கவாட்டில் கரடி ஸ்ப்ரே மாட்டும் உறைக்குக் கொலராடோவில் அவசரமில்லை, இங்கே கருங்கரடிதான். வயோமிங், மொன்டானாவின் கிரிஸ்லி பகுதிக்குப் போகும் அன்று அதை வாங்கிக்கொள்ளலாம்.