இளையோருக்கான அறிபுனை, மிகைபுனைவு: மிச்சம் ஒன்பது புத்தகத்துக்கு என்ன செய்யலாம்?

வணக்கம். மாங்குளம் பக்க வாசிகசாலை ஒன்றில் 13–16 வயதுப் பிள்ளைகளுக்கு வாசிப்புச் சவால் நடக்குது. ஜனவரி முதல் டிசம்பர் வரை 12 புத்தகம், எல்லாம் அறிபுனை (சயன்ஸ் ஃபிக்‌ஷன்) அல்லது மிகைபுனைவு (ஃபேன்டசி), எல்லாம் தமிழில். மூன்றோடு நின்றுபோய்க் கிடக்கு.

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’, ‘மீண்டும் ஜீனோ’, ஜெயமோகனின் ‘பனிமனிதன்’ நல்லா ஓடினது. அதுக்குப் பிறகு கையில் வாறது ஒன்றில் பேசும் முயல் கதை (தரம் 9 பிள்ளை முதல் பக்கத்திலேயே மூடி வைக்கும், அது நியாயம்தான்), இல்லாட்டி பெரியாக்களுக்கான 500 பக்கம்.

யாழ்ப்பாணக் கடைகளில் தேடினால் ஒரு பிரதிதான். ஒன்பது பேர், ஆளுக்குப் பத்து நாள் என்றால் ஒரு சுற்றுக்கே மூன்று மாதம். சென்னையிலிருந்து எடுப்பிக்கத் தபால் செலவு கட்டாது. ‘நூலகம்’ (noolaham.org) என்கிற இணைய நூலகத்தில் ஈழத்து நூல்கள் நிறைய உண்டு. ஆனால் ஸ்கேன் பண்ணின பிடிஎஃப். சின்னப் போனில் எழுத்தைப் பெருப்பித்தால் வரி திரைக்கு வெளியே ஓடும், ஒவ்வொரு வரிக்கும் விரலால் இழுக்க வேணும். இபப் (EPUB) என்கிற மின்னூல் வடிவம் என்றால், எழுத்தைப் பெருப்பித்தாலும் வரி திரை அகலத்துக்கு மடங்கும், அந்தக் கரைச்சல் இல்லை.

பதின்ம வயதுப் பாத்திரம், 200 பக்கத்துக்குள், தமிழில் இபப்பாக முறையாகக் கிடைக்கிற அறிபுனை, மிகைபுனைவு நூல்கள் எவை?